இரண்டு மூன்று சாட்சிகள்: நடைப் பரிசோதனை அறையில் ஆறு காமிராக்கள் எதற்கு?



பிசியோதெரபிப் பகுதியில் நடைப் பரிசோதனை அறை ஒன்றை ஆயத்தம் செய்கிறோம் என்றும், அதற்கு ஆறு காமிராக்கள் தேவை என்றும் சென்ற இதழில் எழுதியிருந்தோம். பலர் ஜெபித்தீர்கள்; பலர் காணிக்கை அனுப்பினீர்கள். சிலர் மனம்திறந்து ஒரு கேள்வியும் எழுதினீர்கள். ஏழைகளுக்கு மருந்து வாங்க வேண்டிய பணத்தில் காமிரா எதற்கு? அப்படியே தேவை என்றாலும் ஒன்று போதாதா, ஆறு எதற்கு? கொடுக்கிறவர்களுக்கு இப்படிக் கேட்க உரிமை உண்டு. பதில் சொல்லும் கடமை எங்களுக்கு உண்டு. ஆகையால் இந்த இதழில் அந்த அறையைப் பற்றியே விவரமாக எழுதுகிறோம்.

ஒரே நடை, இரண்டு காரணங்கள்

முன்பெல்லாம் எலும்புப் பிரிவுக்கு வருகிற பிள்ளைகளில் இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பியவர்களே அதிகம். காலிபர் மாட்டிய பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்த காலம் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். தேவ கிருபையாலும் சொட்டு மருந்தினாலும் 2014-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இந்தியா போலியோ இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது. இப்போது நடக்க முடியாமல் வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் மூளைவாதம் உள்ளவர்கள். பிறக்கும் முன்போ, பிரசவத்திலோ, பிறந்த சில நாட்களிலோ மூளையில் ஏற்பட்ட பாதிப்பினால் அவர்களுடைய தசைகள் இறுகிப்போகின்றன. மூளையின் பாதிப்பு கூடுவதில்லை. ஆனால் பிள்ளை வளர வளர எலும்பு நீளுகிறது, இறுகிய தசை அதற்கு ஈடாக நீளுவதில்லை. ஆகவே நடை கெட்டுப்போகிறது.

இப்படிப்பட்ட பிள்ளைகளில் பலர் குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில் நடப்பார்கள். பார்த்த மாத்திரத்தில், "குதிகால் நரம்பு இழுத்துக்கொண்டிருக்கிறது, அதை நீட்டிவிட்டால் சரியாகிவிடும்" என்று தோன்றும். சில பிள்ளைகளுக்கு அது உண்மை. கெண்டைக்கால் தசை இறுகி, பாதம் கீழ்நோக்கி இழுக்கப்பட்டிருக்கும். வேறு சில பிள்ளைகளுக்கோ கணுக்காலில் குறை ஒன்றுமே இராது. தொடையின் பின்தசை இறுகியதால் முழங்கால் எப்போதும் மடங்கியே இருக்கும். முழங்கால் மடங்கியிருப்பதால் குதிகால் தரைக்கு எட்டாது. நீங்களே எழுந்து நின்று, முழங்காலை மடக்கி, உடம்பை நேராக வைத்து நடந்து பாருங்கள். உங்கள் குதிகாலும் எழும்பிவிடும்.

இரண்டாம் வகைப் பிள்ளைக்குக் குதிகால் தசைநாணை நீட்டும் ஆபரேஷன் செய்தால் என்ன ஆகும்? உடம்பைத் தாங்கிக்கொண்டிருந்த கெண்டைக்கால் பலமிழந்துபோகும். முழங்கால் இன்னும் அதிகமாய் மடங்கும். பிள்ளை குந்தினாற்போல் நடக்கத் தொடங்கும். வாலிப வயதில் உடம்பு கனக்கும்போது அந்த நடையும் நின்று, சக்கர நாற்காலியே கதி என்று ஆகிவிடலாம். நீட்டப்பட்ட தசைநாணை மறுபடியும் பழைய பலத்துக்குக் கொண்டுவருவது மிகவும் கடினம். கத்தி வைக்குமுன் எந்த மூட்டில் எத்தனை டிகிரி குறை என்று அறிய வேண்டிய அவசியம் இதுதான்.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு மூட்டாகத் தனித்தனியே ஆபரேஷன் செய்தால், ஒன்றைச் சரிசெய்யும்போது மற்றொன்றின் குறை வெளிப்படும். பிள்ளை வருஷந்தோறும் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியிருக்கும். கனடா நாட்டின் டொரொண்டோ நகரில் குழந்தைகளின் எலும்பு அறுவை நிபுணராக இருந்த மெர்சர் ராங் இதைப் "பிறந்தநாள் நோய்" என்னும் கருத்தில் வேதனையோடு குறிப்பிட்டார். பிறந்தநாள் தோறும் ஓர் ஆபரேஷன் என்று அர்த்தம். இப்போது இடுப்பு, முழங்கால், கணுக்கால் எல்லாவற்றையும் முன்னதாகவே அளந்து, தேவையானவற்றை ஒரே தடவையில் செய்ய முயலுகிறார்கள். தினக்கூலி வேலைக்குப் போகிற பெற்றோருக்கு ஐந்து தடவைக்குப் பதிலாக ஒரு தடவை என்பது எவ்வளவு பெரிய நன்மை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு சாட்சி போதாது

ஒரே சாட்சியின் பேச்சைக் கேட்டு ஒருவனைக் குற்றவாளியாகத் தீர்க்கக் கூடாது. குறைந்தது இருவர் மூவர் சொல்ல வேண்டும் என்பது மோசேயின் நியாயப்பிரமாணத்தில் கண்ட ஒழுங்கு. காமிரா விஷயத்திலும் அந்த ஒழுங்கே பொருந்துகிறது. ஒரு காமிரா பொய் சொல்லுவதில்லை; ஆனால் முழு உண்மையையும் சொல்லுவதில்லை. உலகத்துக்கு நீளம், அகலம், ஆழம் என்று மூன்று அளவுகள் உண்டு. படத்துக்கு இரண்டு அளவுகளே உண்டு. ஆழம் படத்தில் நசுங்கிப்போகிறது.

உதாரணமாக, தொடை எலும்பு உட்பக்கமாகத் திரும்பியும் முழங்கால் சற்று மடங்கியும் இருக்கிற பிள்ளையை எதிரே நின்று பார்த்தால், இரண்டு முழங்கால்களும் ஒன்றையொன்று உரசும் வண்ணம் உட்புறம் வளைந்திருப்பதாகத் தோன்றும். உண்மையில் முழங்கால் மூட்டில் அந்த வளைவே இராது. குறை இடுப்புக்கு அருகில் இருக்கும். முன்பக்கத்துக் காமிராவை மட்டும் நம்பினால் முழங்காலைத் திருத்தப் போவோம். பக்கவாட்டுக் காமிராவை மட்டும் நம்பினால் எலும்பு திரும்பியிருப்பதே தெரியாது. இரண்டின் சாட்சியையும் சேர்த்துப் பார்த்தால்தான் காரியம் விளங்கும்.

நடையைப் பல காமிராக்களால் பதிவு செய்வது புதிய எண்ணம் அல்ல. 1878-இல் அமெரிக்காவின் பாலோ ஆல்ட்டோவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் காமிராக்களை வரிசையாக வைத்து, ஓடும் குதிரையின் கால்களைப் படம் பிடித்தார். குதிரையின் நான்கு கால்களும் ஒரே சமயத்தில் தரையை விட்டு எழும்புகின்றன என்று அதனால் நிரூபணமாயிற்று. 1890-களில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பிரௌனே, ஃபிஷர் என்னும் இருவர் ஒரு மனிதனின் உடம்பில் ஒளிவிடும் குழாய்களைக் கட்டி நடக்கவிட்டு, ஒன்றுக்கு மேற்பட்ட காமிராக்களால் பிடித்து, மூன்று அளவுகளிலும் அந்த நடையைக் கணக்கிட்டார்கள். அவர்கள் கையால் போட்ட கணக்கை இன்று கம்ப்யூட்டர் போடுகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

பரங்கிமலையில் போட்ட கணக்கு

அந்தக் கணக்கு என்ன? தென்னை மரத்தின் உச்சியில் ஒரு காகம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் நிற்கிற ஒருவர் அது இருக்கும் திசையைச் சுட்டிக்காட்டலாம். எவ்வளவு தூரம் என்று சொல்ல முடியாது. இருபது அடி தள்ளி நிற்கிற இன்னொருவரும் சுட்டிக்காட்டினால், இருவருடைய விரல்களும் காட்டுகிற கோடுகள் சந்திக்கிற இடமே காகம் இருக்கும் இடம். இருவருக்கும் இடையிலுள்ள தூரமும், இரண்டு கோணங்களும் தெரிந்தால் போதும். 1802-இல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே ஓர் அடிக்கோடு அளந்து, இந்த முக்கோணக் கணக்கைக் கொண்டே நாட்டை அளக்கும் வேலையைத் துவங்கினார். எங்கள் அறையில் காகத்துக்குப் பதிலாகப் பிள்ளையின் முழங்கால். மனிதருக்குப் பதிலாகக் காமிரா.

இதிலிருந்து காமிராக்களை எங்கே வைக்க வேண்டும் என்பதும் விளங்கும். இரண்டு காமிராக்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், இரு கோடுகளும் ஏறக்குறைய ஒன்றாகவே போகும். எங்கே சந்திக்கின்றன என்று திட்டமாய்ச் சொல்ல முடியாது. நேருக்கு நேர் எதிரே வைத்தாலும் அதே தொல்லைதான். ஒன்றுக்கொன்று 60 முதல் 90 டிகிரி கோணத்தில் இருந்தால் கோடுகள் தெளிவாய் வெட்டிக்கொள்ளும்.

இரண்டு போதுமே என்று கேட்கலாம். பிள்ளை அசையாத பொம்மையாய் இருந்தால் போதும். நடக்கும்போதோ கை வீசி இடுப்பை மறைக்கிறது. ஒரு கால் மற்றக் காலை மறைக்கிறது. வாக்கர் பிடித்து நடந்தால் அதன் கம்பி மறைக்கிறது. தாய் கூடவே நடந்தால் அவளுடைய சேலை மறைக்கிறது. எந்த நேரத்திலும் ஒவ்வொரு மூட்டையும் குறைந்தது இரண்டு காமிராக்களாவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்காகவே ஆறு. முன்பக்க மூலைகளில் இரண்டு, பின்பக்க மூலைகளில் இரண்டு, இரு பக்கங்களிலும் ஒவ்வொன்று. நான்கை ஆள் உயரத்துக்கு மேலும், பக்கத்துக் காமிராக்கள் இரண்டையும் பாதம் நன்றாய்த் தெரியும்படி இடுப்பளவிலும் பொருத்தினோம்.

அறையை ஆயத்தம் செய்த விதம்

நடைபாதை 8 மீட்டர் நீளம். ஆனால் நடுவிலுள்ள 3 மீட்டரில் நடப்பதைத்தான் கணக்கில் எடுக்கிறோம். தொடங்கும்போதும் நிற்கும்போதும் யாருடைய நடையும் இயல்பாயிராது.

காமிராக்களை ஸ்டாண்டில் நிறுத்தவில்லை. சுவரில் இரும்புத் தாங்கி அடித்துப் பொருத்தியிருக்கிறோம். கூட்டுகிற அம்மா தெரியாமல் ஒரு ஸ்டாண்டைத் தட்டிவிட்டால் அன்றைய அளவெல்லாம் கோணலாகிவிடும். அடித்துச் சாத்தும் கதவுள்ள சுவரை விட்டுவிட்டோம். லென்சுகளைத் தானாகக் குவியவிடாமல் நிலைப்படுத்தி, டேப் ஒட்டிவைத்திருக்கிறோம்.

அடுத்தது வெளிச்சம். நடக்கும்போது முன்னே வீசும் பாதம் வினாடிக்கு 3 மீட்டர் வேகத்திலும் போகக்கூடும். காமிரா ஒரு படத்துக்கு வினாடியில் 50-இல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், அதற்குள் பாதம் 6 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், படம் கலங்கும். 500-இல் ஒரு பங்கு நேரம் மாத்திரம் திறந்தால் 6 மில்லிமீட்டர்தான். ஆனால் அவ்வளவு குறைந்த நேரத்தில் படம் விழ அதிக வெளிச்சம் வேண்டும். பழைய டியூப் லைட்டுகள் நம் மின்சாரத்தில் வினாடிக்கு 100 தடவை மினுக்கும். நம் கண்ணுக்குத் தெரியாத அந்த மினுக்கல் காமிராவுக்குத் தெரியும். ஒரு படம் வெளிச்சமாயும் அடுத்தது இருட்டாயும் விழும். ஆகவே மினுக்காத எல்.இ.டி. விளக்குகளும், மின்தடை வந்தாலும் பதிவு நின்றுவிடாதபடி யு.பி.எஸ். கருவியும் வாங்கினோம். உங்கள் காணிக்கையில் ஒரு பங்கு காமிராவுக்கல்ல, விளக்குக்கே போயிற்று என்று கணக்கில் காண்பீர்கள். காரணம் இதுவே.

மூன்றாவது, ஆறும் ஒரே கணத்தில் படம் எடுக்க வேண்டும். சாட்சிகள் வெவ்வேறு நாளில் நடந்ததைச் சொன்னால் வழக்கு நிற்குமா? எங்கள் காமிராக்கள் வினாடிக்கு 60 படம் எடுக்கின்றன. ஒரு காமிரா மற்றொன்றைவிட இரண்டே படம் பிந்தினாலும், அதற்குள் வீசும் பாதம் 10 சென்டிமீட்டர் தாண்டிவிடும். இல்லாத இடத்தில் பாதம் இருப்பதாகக் கம்ப்யூட்டர் கணக்குப் போடும். இதற்காக ஒரே பெட்டியிலிருந்து ஆறுக்கும் கம்பி போகிறது. அந்தக் கம்பி வழியே வரும் சமிக்ஞை கிடைத்தவுடன் ஆறும் சேர்ந்து படம் எடுக்கின்றன. ஒவ்வொரு பதிவின் துவக்கத்திலும் நடுவில் ஒரு சிறு விளக்கைப் பளிச்சிடச் செய்து, ஆறிலும் அது ஒரே எண்ணுள்ள படத்தில் விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறோம்.

நான்காவது, அளவு திட்டம் செய்தல். இது தினமும் காலையில் செய்ய வேண்டிய வேலை. சதுரங்கப் பலகைபோல் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் அச்சிட்ட ஒரு தாளை வளையாத அலுமினியத் தகட்டில் ஒட்டி வைத்திருக்கிறோம். அட்டையில் ஒட்டினால் மழைக்காலத்தில் ஈரத்தால் வளைந்துவிடும். கட்டங்களின் அளவு நமக்குத் தெரியும். பலகையைச் சாய்த்தும் திருப்பியும் நடைபாதையெங்கும் காட்டும்போது, படத்தில் கட்டங்கள் எப்படித் தெரிகின்றன என்பதைக்கொண்டு ஒவ்வொரு லென்சின் வளைவையும், ஒவ்வொரு காமிராவும் மற்றவற்றுக்கு எங்கே நிற்கிறது என்பதையும் கம்ப்யூட்டர் கணக்கிடுகிறது. பிறகு நாங்கள் சரியாக 1 மீட்டர் நீளமுள்ள கோலை எடுத்துக்கொண்டு அந்தப் பாதையில் நடக்கிறோம். பாதையின் எந்த இடத்திலும் கோலின் நீளம் ஒரு மீட்டர் என்றே கணக்கில் வர வேண்டும். சில மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடியும் துவக்கத்திலிருந்து. கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது என்று நாம் அறிவோம். ஆகையால் கோல் சரியாக வராதவரை பிள்ளையை உள்ளே அழைப்பதில்லை.

பிள்ளை நடக்கும்போது

அரைக்கால் சட்டை, வெறுங்கால். பெண்பிள்ளைகளானால் பெண் ஊழியர் மட்டுமே உள்ளே இருப்பார்கள். பார்வையாளர் எவருக்கும் அனுமதி இல்லை. "நன்றாய் நட" என்று சொன்னால் பிள்ளை தன் பலமெல்லாம் கூட்டி நேராக நடந்துகாட்டும். அது அதன் அன்றாட நடை அல்ல. ஆகவே ஒன்றும் சொல்லாமல், அம்மாவைப் பாதையின் மறுமுனையில் நிற்கவைத்துக் கூப்பிடச் சொல்லுகிறோம். ஆறேழு தடவை போய்வந்த பிறகு பிள்ளை காமிராவை மறந்துவிடும். அதற்குப் பின் எடுப்பதே உண்மையான பதிவு. காலிபர், சப்பாத்து உள்ளவர்கள் அதோடும் அது இல்லாமலும் நடக்கிறார்கள்.

தொழுநோயால் கால் நரம்பு கெட்டு, பாதம் தொங்கிப்போனவர்களையும் இங்கே நடக்கவைத்துப் பார்க்கிறோம். வேறொரு தசைநாணை மாற்றி வைத்துப் பாதத்தைத் தூக்கச் செய்யும் ஆபரேஷன் அவர்களுக்கு உண்டு. வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளிலும் கால்களிலும் இவ்வகை அறுவைக்கு வழி திறந்தார். அவர்களுடைய புண்களுக்குக் காரணம் சதை தானாய் அழுகுவதல்ல, வலி தெரியாததால் நேரும் காயமே என்று பொறுமையாய்க் கவனித்துக் கண்டறிந்தவரும் அவரே. நோயாளியைக் கூர்ந்து கவனிப்பதும் ஓர் ஊழியமே என்பதை நம் மிஷன் ஆஸ்பத்திரிகள் அவரிடத்தில் கற்றுக்கொண்டன.

எவ்வளவு நம்பலாம்?

பெரிய ஆய்வுக்கூடங்களில் எலும்பு முனைகளைத் தொட்டுப் பார்த்து, தோலின்மேல் ஒளியைத் திருப்பியனுப்பும் சிறு உருண்டைகளை ஒட்டி, விசேஷித்த அகச்சிவப்புக் காமிராக்களால் பதிவு செய்கிறார்கள். அதுவே அதிகத் திருத்தமானது. ஆனால் செலவு கோடிக் கணக்கில் போகும். நாங்கள் உருண்டை ஒட்டாமல், சாதாரணப் படத்திலேயே மூட்டுகளைக் கம்ப்யூட்டர் அடையாளம் காணும் முறையைப் பின்பற்றுகிறோம். 2017 முதல் இவ்வகைப் புரோகிராம்கள் ஆராய்ச்சியாளருக்கு இலவசமாகவே கிடைக்கத் துவங்கின. 2023-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் இரண்டு கைபேசிகளைக் கொண்டே இப்படி அளக்கும் வழியை வெளியிட்டார்கள். ஆரோக்கியமான பெரியவர்களிடம் சோதித்தபோது, மூட்டுக் கோணங்களில் சராசரியாக 4 முதல் 5 டிகிரி வித்தியாசம் இருந்தது.

ஆரோக்கியமானவர்களுக்கே அப்படியானால், வளைந்த கால்களுள்ள சிறு பிள்ளைகளுக்கு வித்தியாசம் இன்னும் கூடலாம். ஆகையால் காமிராவின் வார்த்தையை மாத்திரம் கேட்டு எந்தப் பிள்ளைக்கும் ஆபரேஷன் முடிவு செய்யப்படுவதில்லை. டாக்டர் கையால் மடக்கி நீட்டிப் பார்ப்பது, எக்ஸ்ரே, பிசியோதெரபிஸ்ட்டின் குறிப்பு, தாய் வீட்டில் கண்டதைச் சொல்லுவது, இவற்றோடு காமிராவும் ஒரு சாட்சியாகச் சேருகிறது. சாட்சிகள் ஒத்துவந்தால் முடிவெடுக்கிறோம். ஒத்துவராவிட்டால் காத்திருக்கிறோம், அல்லது பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறோம். சில பிள்ளைகளுக்கு, "இப்போது ஆபரேஷன் வேண்டாம், பயிற்சியும் காலிபரும் போதும்" என்பதே பதிலாய் வருகிறது. செய்யாமல் விடப்பட்ட ஓர் ஆபரேஷனைப் படம் எடுத்து இந்தத் தாளில் போட முடியாது. ஆனால் அதுவும் உங்கள் காணிக்கையின் கனியே.

படங்களைக் குறித்து ஒரு வார்த்தை

பிள்ளைகள் நடக்கும் வீடியோவை அனுப்பும்படி சிலர் அன்போடு கேட்டிருக்கிறீர்கள். பொறுத்துக்கொள்ளுங்கள், அனுப்புவதில்லை என்று தீர்மானித்திருக்கிறோம். பெற்றோருக்குத் தமிழில் வாசித்துக் காட்டி, கையெழுத்தோ கைரேகையோ வாங்கியிருப்பது சிகிச்சைக்காக மாத்திரமே. ஏழையின் பிள்ளை என்பதற்காக அதன் குறையை ஊருக்குக் காட்ட நமக்கு உரிமை இல்லை. பதிவுகள் பூட்டிய அறையிலுள்ள கம்ப்யூட்டரில், பெயரில்லாமல் எண்ணிட்டு வைக்கப்படுகின்றன.

இரண்டு காலும் முடமான மேவிபோசேத்தை தாவீது ராஜா தேடி அழைத்துவந்து தன் பந்தியில் உட்காரவைத்த சரித்திரம் நமக்குத் தெரியும். அவன் கால்கள் சுகமானதாக வேதத்தில் எழுதப்படவில்லை. பந்தியில் அவனுக்கு இடம் இருந்தது என்று எழுதியிருக்கிறது. எங்களிடம் வருகிற எல்லாப் பிள்ளைகளும் நேராக நடந்துவிடுவார்கள் என்று நாங்கள் வாக்குக் கொடுக்க முடியாது. யாருக்கும் தவறான இடத்தில் கத்தி வைக்காதபடி எங்களால் ஆன கவனத்தையெல்லாம் செலுத்துவோம் என்று சொல்ல முடியும். அந்தக் கவனத்துக்குத்தான் ஆறு காமிராக்கள்.

ஜெபக் குறிப்புகள்

1. தினமும் பொறுமையோடு அளவு திட்டம் செய்து பதிவெடுக்கும் ஊழியருக்காக ஜெபியுங்கள்.

2. ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்காகவும், கூலியை விட்டுவிட்டு அவர்களோடு தங்கும் தாய்மார்களுக்காகவும் ஜெபியுங்கள்.

3. இரண்டு காமிராக்களின் தாங்கிகளும், தூரத்திலிருந்து வருகிற பிள்ளைகளின் பஸ் செலவுக்கான நிதியும் இன்னும் தேவை. கர்த்தர் ஏவுகிறவர்கள் உதவும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.

உங்கள் கேள்விகளை இன்னும் எழுதுங்கள். அவற்றால் நாங்கள் வருத்தப்படவில்லை. எங்கள் வேலையை நாங்களே இன்னொரு தடவை யோசித்துப் பார்க்க அவை உதவின. கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
பிசியோதெரபி மற்றும் எலும்புப் பிரிவு ஊழியர்கள்